கார் இல்லாத கராஜ்

எண்பதுகளில் ஒருநாள் துவக்கோடு வந்தவர்கள் அதை வாப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டி, அவருடைய காரைப் பறித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகுதான் அவர் எங்கள் வீட்டுக் கராஜுக்குச் சுவர் பூசத் தொடங்கினார். தரைக்குச் சீமெந்து போட்டார். மாரிக் குளிர் நுழையாதபடி கதவு இடுக்கெல்லாம் ரப்பர் அடித்தார்.

"கார் இல்லாத கராஜுக்கு என்னத்துக்கு வாப்பா இவ்வளவு வேல?" என்று எரிந்து விழுந்தேன். என் கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் இதில் மினக்கெடுகிறாரே என்ற ஆத்திரம்.

"மாரியில ஈரம் ஏறும் புள்ள" என்றார்.

எங்கள் ஊரில் மகளுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். கொடுத்தவர்கள் எங்கே போவார்கள் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

கலியாணம் முடிந்த மறுநாள் உம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கராஜுக்குள் போனார். வாப்பா கதவைச் சாத்தினார். ரப்பர் நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. உம்மாவின் இருமல்கூட எனக்குக் கேட்கவில்லை.