கொடிக்கயிற்றுத் தேன்சிட்டு

பறவைகளைப் பார்த்துச் சுதந்திரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொல்வார். நான் ஒரு தேன்சிட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, சத்தமில்லாமல் அடங்கிக் கிடப்பது எப்படி என்பதை. அதையும் கடைசியில் கோட்டைவிட்டேன்.

நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. திருநெல்வேலிப் பக்கமிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரே வரிசையில் ஆறு வீடுகள், ஆறுக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கழிப்பறை. லைன் வீடு என்பார்கள். எங்களுடையது கடைசி. அப்பா பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் பெரிது. அம்மாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில், தைத்த பனியன்களில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள். பள்ளிக்கூடம் இருந்தவரை எப்படியோ சமாளித்தாள். லீவு விட்டதும் என்னை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவள் கண்டுபிடித்த வழி ஒரு பூட்டு. மற்ற ஐந்து குடித்தனக்காரர்களும் எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அம்மா என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாள். கேட்டவர்களிடமெல்லாம், என்னையும் கம்பெனிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். பெண்பிள்ளை தனியாக இருப்பது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது என்று பயம். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்றும் பயம்.

“ஏட்டி, ஆரு கதவத் தட்டுனாலும் மூச்சு காட்டப்படாது. உள்ள ஆளே இல்லாத மாதிரி இருக்கணும், என்ன?” என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சோறு மூடியிருக்கும், மூலையில் ஒரு வாளி இருக்கும். டிவி உண்டு, ஆனால் சத்தம் வைக்கக் கூடாது. எத்தனையோ சினிமாக்களை ஊமைப் படமாகவே பார்த்திருக்கிறேன். யார் யாரை எதற்காக அடிக்கிறார்கள் என்பதை நானே முடிவு செய்துகொள்வேன். கரண்ட் போனால் அதுவும் கிடையாது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் எனக்கு அழுகை வரும். எதற்கென்று தெரியாது. தலையணையில் வாயைப் புதைத்து அழுது முடித்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன்.

ஜன்னலுக்கு நேரே துணி காயப்போடும் கொடிக்கயிறு ஓடியது. அதன் முனையில், யாரும் துணி போடாத நிழல் பக்கமாக, மஞ்சள் வயிற்றுக் குருவி ஒன்று கூடு கட்டத் தொடங்கியது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சிலந்தி வலை, சருகு, வேஸ்ட் நூல், பஞ்சு என்று கண்டதையும் கொண்டுவந்து ஒட்டியது. கட்டி முடித்த பிறகும் அது கூடு மாதிரி இல்லை. காற்றில் வந்து கயிற்றில் சிக்கிக்கொண்ட குப்பை மாதிரிதான் தொங்கியது. ஆண் சிட்டு பளபளவென்று ஒயரில் உட்கார்ந்து பாடும், எப்போதாவது தலைகாட்டும். அதற்கு லாரி வேலை போல என்று மன்னித்துவிட்டேன்.

குஞ்சு பொரித்த பிறகுதான் எனக்குப் பொழுது போக ஆரம்பித்தது. தாய் வந்தால் கூட்டின் வாசலில் இரண்டு வாய்கள் திறக்கும். அது பறந்து போனதும் உள்ளே துளி சத்தம் இருக்காது. அதுகளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். நானும் அதுகளோடு போட்டி போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். தாய் எப்போது திரும்பும் என்று எண்ணுவேன். முந்நூறு எண்ணுவதற்குள் வந்துவிடும். அந்தக் குஞ்சுகள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, ஒரு வாரம் இருக்கும்போது, வீட்டுக்காரம்மா ஒட்டடைக் குச்சியோடு லைனைச் சுத்தம் செய்ய வந்தார். சத்தம் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக நெருங்கி வந்தது. நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

“இதென்ன கருமம், பஞ்சுக் குப்பை தொத்திக்கிட்டுத் தொங்குது!”

எட்டிப் பார்த்தேன். ஒட்டடைக் குச்சி கூட்டை நோக்கி உயர்ந்துகொண்டிருந்தது. தாய்க்குருவி சுற்றிச் சுற்றிக் கத்தியது. அது வீட்டுக்காரம்மாவின் காதில் ஏறவில்லை. கூட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு இரண்டும் சமர்த்தாக இருந்தன. ஒரே ஒரு தடவை கீச்சென்று கத்தினால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். கத்தவில்லை. சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று முழுமனதாக நம்பிய வயது.

“வேண்டாங்க! உள்ள குஞ்சு இருக்குதுங்க!”

அந்தப் பதற்றத்திலும் ‘ங்க’ போட்டுத்தான் கத்தினேன். திருப்பூர்ப் பழக்கம் அப்படி.

குச்சி கீழே விழுந்தது. வீட்டுக்காரம்மா கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடியும் பூட்டைப் பார்த்தார். “அய்யோ சாமீ!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பேய் என்றே நினைத்திருப்பார். பிறகு கம்பிக்கு அருகில் வந்து, “ஏங்கண்ணு, நீயா? உன்னிய உள்ள வெச்சா பூட்டிட்டுப் போறாங்க?” என்றார்.

“அம்மாகிட்டச் சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்டிக் சேர் ஒன்றைத் தூக்கி வந்து, ஜன்னலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டார். கம்பி வழியாக முறுக்கு கொடுத்தார். அன்றைக்கு மூன்று மணிக்கு எனக்கு அழுகை வரவில்லை.

இரவு அம்மா வந்தபோதும் அந்த சேர் அங்கேயே இருந்தது.

“ஏனுங்கம்மிணி, கோவிச்சுக்காதீங்க,” என்றார் வீட்டுக்காரம்மா. “புள்ளைய எங்கூட்டுல உட்டுட்டுப் போயிருக்கலாமுங்கல்ல? நான் வேண்டாம்னா சொல்லப் போறனுங்க?”

அவர் திட்டியிருந்தால் அம்மா பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இவ்வளவு மரியாதையாகக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். பூட்டைத் திறக்க ரொம்ப நேரம் ஆனது. நான் அடிக்குத் தயாராக மூலையில் நின்றேன். அவள் அடிக்கவில்லை.

“எதுக்குட்டி சத்தம் போட்ட?”

“குருவிக் கூட்டக் கலைக்கப் பாத்தாங்கம்மா.”

“குருவிக்கா?” என்றாள். “ஒனக்காக ஒருநா கூடக் கத்தணும்னு தோணலியா?”

திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று தெரியவில்லை. “இல்லம்மா, நான் மூச்சே காட்டல” என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் முதல் பகலெல்லாம் வீட்டுக்காரம்மா வீட்டில் இருந்தேன். பூட்டும் சாவியும் அலமாரிக்குப் போயின. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு. தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள், கதவைச் சாத்திவிட்டு நான் உட்காரும் இடத்தில், ஜன்னலடியில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கும் குருவி பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“முந்நூறு எண்ணும்மா, வந்துரும்” என்றேன்.

அவள் எண்ணவில்லை. “இங்கன இருந்து வேற என்னட்டி தெரியும்?” என்று கேட்டாள்.

கயிறு, குழாயடி, வேப்பமரத்தில் பாதி, வீட்டுக்காரம்மாவின் மதில் என்று வரிசையாகச் சொன்னேன்.

“அவ்வளவுதானா?”

என் ஜன்னலை அவள் மட்டமாக நினைத்துவிடக் கூடாதே என்றிருந்தது. “கம்பியில கன்னத்த வச்சு நல்லா அழுத்துனா, நீ வாற தெரு முக்கு தெரியும்மா” என்று சொல்லி, எப்படி அழுத்த வேண்டும் என்றும் செய்து காட்டினேன்.

அம்மா எழுந்து குழாயடிக்குப் போனாள். குனிந்து முகத்தைக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள். இப்போதுதானே குளித்தாள், மறுபடி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தாய்க்குருவி வந்துவிட்டது. அம்மா அதைப் பார்க்கவே இல்லை.