செஞ்சிக் கோட்டையில் ஒரு வீடியோ கால்

கல்யாணமான புதிதில் நானும் கணவரும் கோட்டக்குப்பத்திலிருந்து செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். ராஜகிரி மலையில் பாதி ஏறுவதற்குள் நேரமாகிவிட்டதால் திரும்ப வேண்டியதாயிற்று. "அடுத்த லீவுல உச்சி வரைக்கும் ஏறலாம்" என்றவர் மறுவாரமே குவைத்துக்கு விமானம் ஏறினார். மூன்று வருடமாகிறது, இன்னும் லீவு கிடைக்கவில்லை.

போன மாதம் அக்காவோடு மறுபடி போனேன். மூச்சு வாங்கிய அக்கா பாதி வழியில் உட்கார்ந்துவிட, நான் மட்டும் ஏறினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்று அவருக்கு வீடியோ கால் போட்டேன். என் முகமும் பின்னாலிருக்கும் இடிந்த மண்டபமும் சேர்ந்து தெரிய வேண்டுமென்று, போனை நீட்டிப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்தேன். என் கண் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

"ஏய், நில்லு! பின்னாடி செவுரு இல்ல!" என்று அலறினார்.

திரும்பிப் பார்த்தேன். ஓரடி தள்ளி மதில் சரிந்து கிடந்தது; அதற்கப்பால் அதலபாதாளம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கோட்டை எங்கயும் போயிடாது. நீ ஜல்தி எறங்கு" என்றார்.

இப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்கார்ந்த பிறகுதான் வீடியோ கால் போடுகிறேன். அன்று உச்சிக்குப் போகாமலே இறங்கிவிட்டேன். மீதிப் படிகளை அவர் வந்த பிறகு ஏறிக்கொள்கிறேன்.