பல்பு அலமாரியில் வெந்த லேப்டாப்

நீலகிரி மலையில் எங்கள் தேவாலாவில் மழை பிடித்துவிட்டால் பெல்ட்டுக்கும் பூஞ்சை, செருப்புக்கும் பூஞ்சை. அதனால் இந்தப் பக்கத்துப் பல வீடுகளைப் போல எங்கள் அலமாரிக்குள்ளும் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று நாள் முழுக்க எரியும். துணிமணி, சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் அந்தச் சூட்டில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. முதல் லேப்டாப்பை வெளியே வைத்து ஈரத்துக்குப் பலி கொடுத்த பிறகு, இரண்டாவதற்கும் அங்கேதான் இடம் கொடுத்தேன்.

இரண்டாவது ஒரு நோஞ்சான். உள்ளே காற்றாடி கிடையாது, சத்தம் கிடையாது, வேகமும் கிடையாது. அதன் பிராசஸர் ஆறு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று செய்தவர்களே கடிவாளம் போட்டு அனுப்பியிருந்தார்கள். பல்புக்கு நாற்பது, மூளைக்கு ஆறு! என்ன கணக்கோ!

என் மனைவி பி.எட். முடித்து எட்டு வருடமாக வீட்டில் இருந்தாள். கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை இருந்தது. விண்ணப்பத்தோடு, பாடம் எடுக்கும் வீடியோவையும் கடைசி நாளான அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் சமையலறையிலேயே எடுத்தோம். எடிட்டிங் அடியேன்.

"இது தவறிப்போச்சுன்னா இனி எங்கயும் அப்ளை பண்ண மாட்டேங்க" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

வெட்டி ஒட்டி முடித்து, வீடியோவை ஒரே கோப்பாக்கும்படி லேப்டாப்புக்குச் சொன்னபோது மணி பன்னிரண்டு. ஏழு மணி நேரம் ஆகும் என்றது திரை. போச்சுடா! கோயம்புத்தூர் நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் ஒரு சின்ன சாஃப்ட்வேர் சொன்னான். அதைப் போட்டு ஆறு வாட்டைப் பன்னிரண்டாக்கினேன். ஏழு மணி நேரம் மூன்றரையாகச் சுருங்கியது.

"பார்த்தியா? ஐயா கைய வச்சா சும்மாவா?"

"முதல்ல முடியட்டுங்க" என்றாள்.

சன்னல் வழியாகச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தானாக ஓடப்போகும் வேலைதானே என்று லேப்டாப்பை வழக்கமான இடத்தில் வைத்து, சார்ஜர் ஒயரை இடுக்கு வழியாக விட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்குத் திறந்து பார்த்தால் இன்னும் ஆறு மணி நேரம் என்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நண்பனையும் அவன் சாஃப்ட்வேரையும் சேர்த்துத் திட்டினேன். பன்னிரண்டைப் பதினைந்தாக்கி மறுபடி கதவைச் சாத்தினேன். அப்போதும் ஆமைதான்.

தலை துவட்டக் காய்ந்த துண்டு எடுக்க வந்தவள் அலமாரியைத் திறந்து, உள்ளே கையை விட்டாள்.

"ஏங்க, லேப்டாப்பையும் பல்பையும் ஒண்ணா வச்சு என்ன அவிக்கிறீங்க? இட்லியா?"

சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே அடுப்பில் வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஐஸ் மாதிரி கிடந்த கிரானைட் மேடையை நன்றாகத் துடைத்து, லேப்டாப்பின் தகர அடிப்பக்கம் கல்லில் படும்படி வைத்தாள். கொஞ்ச நேரத்தில், எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் கோடு விறுவிறுவென்று நகர ஆரம்பித்தது.

நான்கே முக்காலுக்கு முடிந்தது. போன் சிக்னலைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றி அனுப்பியபோது ஐந்துக்கு இரண்டு நிமிடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, கல்லு மேல வைக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

அவள் வீடியோவை ஓடவிட்டாள். அதே சமையலறை, அதே மேடை. கொதிக்கும் டம்ளரைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, திரையில் என் மனைவி கணீரென்று சொல்கிறாள்: "சூடு எப்பவும் குளிர்ந்த பொருளைத் தேடிப் போகும். தொட்டுப் பாருங்க, இப்ப கல்லு சுடும்."

பத்துத் தடவையாவது வெட்டி ஒட்டியிருப்பேன். அவள் துப்பட்டா சரியாக இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்று பார்த்தேனே தவிர, ஒரு தடவைகூடப் பாடத்தைக் கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது காலை பஸ்ஸில் கூடலூர் போகிறாள். வீட்டிலிருந்த முதல் மாணவன் ஃபெயில் என்பதை மட்டும் இன்னும் பள்ளியில் சொல்லவில்லையாம்.