பெட்ரோல் பங்கில் நிறுத்திய கார்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்கு வீட்டிலும் கால் சும்மா இருக்காது. பயிற்சிக் காரில் அவர் பக்கம் தனி பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகியவர், டிவி பார்க்கும்போதும் தரையை மிதிப்பார்.

ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு அவஸ்தையும் சேர்ந்துகொண்டது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்த கையோடு மறுபடியும் முட்டும். மனுஷன் யாரிடமும் மூச்சு விடவில்லை. பாடம் நடத்தும் பாதையைத்தான் மாற்றினார். நூலகம், பெட்ரோல் பங்க், ரயில் நிலையம் என்று கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து, "இங்க ஓரமா நிறுத்திப் பழகுங்க" என்பார். சொன்ன வாய் மூடுவதற்குள் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவார்.

தையல்கார அம்மா ஒருத்தர்தான் குட்டை உடைத்தார். லைசென்ஸ் பரிசோதனையில் அதிகாரி நேரே போகச் சொல்ல, அந்த அம்மா பழக்க தோஷத்தில் பெட்ரோல் பங்கில் திரும்பி, அழகாக ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தாராம். ஏன் என்று கேட்டதற்கு, "சார் இங்கதான் இறங்கிப் போவாரு" என்றிருக்கிறார். தேர்வு போயிற்று. பயிற்சிப் பள்ளிக்கு வந்து அவர் பொரிந்து தள்ளியதைக் கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் வாத்தியாரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

வயசானால் அப்படித்தான் என்று வாத்தியார் மழுப்பினார்.

"உங்க அப்பாவும் இடுப்பு வலிக்கு அதைத்தான் சொன்னாரு" என்றாள் மனைவி.

அவருக்கு முகம் செத்துவிட்டது. அப்பாவுக்கு வந்தது புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது எலும்பு வரை பரவியிருந்தது. இத்தனை நாள் அவர் வாயைத் திறக்காததற்குக் காரணமே அந்தப் பயம்தான்.

மனைவி அவரை விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அப்பா கதையைக் கேட்டதும் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு கூடுதலாக இருந்தது. அதை வைத்தே புற்றுநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்று சொல்லி, ஸ்கேன் எடுத்து, பிறகு ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை வாத்தியார் ஒரு நிலையில் இல்லை. வெறும் சாலையில் பிரேக்கை மிதித்தார். மாணவர்கள் அரண்டுபோனார்கள். வீட்டில் சோறு இறங்கவில்லை.

முடிவு வந்தது. அடிக்கடி முட்டுவது வயதானால் பலருக்கும் அந்தச் சுரப்பியில் வரும் சாதாரண வீக்கத்தால், அதற்கு மாத்திரை போதும் என்றார் டாக்டர். புற்றுநோயும் இருக்கிறது, ஆனால் சின்னது, சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை, நல்லபடியாகக் குணப்படுத்தலாம். மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் நிம்மதி நிலைக்கவில்லை. தம்பிக்கும் அதே அப்பாதானே?

நேரே தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி ஐம்பத்தொரு வயதிலும் தினமும் ஓடுகிற ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ராத்திரி ஒரு தடவைகூட எழுந்திருக்காத தனக்கு எதற்குப் பரிசோதனை என்று சிரித்தான்.

"நான் கக்கூசுக்கு ஓடினதுக்கும் அந்தப் புத்துநோய்க் கட்டிக்கும் சம்பந்தமே இல்லையாம்டா" என்றார் வாத்தியார். "அந்தக் கட்டி எனக்கு ஒரு அறிகுறியும் காட்டல. உன்ன மாதிரி நல்லா இருந்திருந்தா, நான் டாக்டர்கிட்ட போயிருக்கவே மாட்டேன்."

தம்பியின் சிரிப்பு அடங்கியது.

"நீயும் கூட வருவியா அண்ணா?" என்றான்.