டேங்கர் லாரிக்கு வைத்த ஆப்பு

குளிர்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பில் இரண்டு குண்டா வெந்நீர் கொதிக்கும். முதல் குண்டா லாரிக்கு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால்தான் அந்தக் கிழட்டு டீசல் இன்ஜின் கண் திறக்கும். இரண்டாவது என் வீட்டுக்காரருக்கு. ஆனால் அது சூடாகிற வரைக்கும் மனிதருக்குப் பொறுமை இருக்காது. பச்சைத் தண்ணீரை மொண்டு மேலே ஊற்றிக்கொண்டு ஓடுவார். லாரிக்குச் சளி பிடித்துவிடுமோ என்று கவலைப்பட்டவர், தன் சளியைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் வண்டியோடு ஹைதராபாத் வந்தவர் அவர். இப்படி ஊர் ஊராகச் சுற்றுவதானால் என்னை எதற்குக் கட்டினீர்கள் என்று நான் பிடித்த சண்டையில், லோத்குண்டாவில் வீடு பார்த்து, ஒரு பழைய லாரியை வாங்கித் தண்ணீர் டேங்கராக மாற்றிக்கொண்டார். நகரத்தின் அந்தக் கோடியில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்களுக்காக எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். குழாய் பளபளவென்று இருக்கும், திறந்தால் காற்றுதான் வரும். அதனால் டேங்கருக்கு வேலைப் பஞ்சமே இல்லை.

அந்த இன்ஜினை நம்பவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். நம்பும்படி இருந்ததுதான் வினை. தொடர்ந்து மூன்று நான்கு மாதம் முணுமுணுக்காமல் சுமை இழுக்கும். "பாத்தியா புள்ள, இப்ப வர்ற வண்டியெல்லாம் இதுக்குக் கால் தூசு" என்பார். அந்த வாரமே ஹெட் கேஸ்கெட் போகும். அதைச் சரிசெய்தால் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். பிஸ்டன் ரிங்கை மாற்றினால் டீசல் பைப்பில் காற்றுப் புகுந்து நடுரோட்டில் நிற்கும். ஒரேயடியாகக் கெட்டுத் தொலைந்திருந்தால் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். அது சாகவும் இல்லை, எங்களை வாழவிடவும் இல்லை.

செல்ஃப் மோட்டார் எத்தனை முறை சரிசெய்தாலும் நிலைக்காது. அதனால் எங்கள் தெருவின் சரிவில், முகம் கீழே பார்க்க வண்டியை நிறுத்துவோம். ஹேண்ட் பிரேக்கும் பெயருக்குத்தான். சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கட்டை ஆப்பு வைப்போம். காலையில் ஆப்பை உருவினால் வண்டி உருளும், கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் உறுமிப் பிடித்துக்கொள்ளும். "ஆப்பு வெச்சாச்சா?" என்பது எங்கள் வீட்டில் "சாப்ட்டாச்சா?" மாதிரி ஆகிவிட்டது.

ஒரு மே மாதம், மௌலா அலி பக்கம், தண்ணீர் நிறைந்த டேங்கரோடு நட்டநடு வெயிலில் இன்ஜின் நின்றுபோனது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். போகிறவன் வருகிறவன் எல்லாம் திட்டினான். வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பள்ளிவிட்டு வந்த மகள் அவரைப் பார்த்துவிட்டு, "நக்கோ டாடி, பேச் டாலோ" என்றாள். விற்றுவிடு என்று நான் ஆறு வருடமாகத் தமிழில் சொன்னது ஏறவில்லை. அவள் இந்தியில் சொன்னது ஏறிவிட்டது.

மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் வண்டிகளை மேற்பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள். லாரியை விற்றுவிட்டு வருகிறேன் என்று இவரும் சொல்லி வைத்தார். எனக்கு அந்த வேலையில் பிடித்தது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை லீவு. நகத்தில் கிரீஸ் இல்லாத கையால் இவர் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். அந்தச் சின்ன ஆசையிலேயே பத்து நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

வாங்க ஒருவர் வந்தார். நல்கொண்டா பக்கத்துத் தெலுங்கர், தண்ணீர் வியாபாரத்தில் பழுத்தவர். இன்ஜினை ஓடவிட்டுக் கேட்க வேண்டும் என்றார். ஊரில் விசைத்தறி நின்றுபோனதால் பிழைப்புத் தேடி எங்களிடம் வந்திருந்த என் கொழுந்தனார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. வண்டி உருண்டு, பிடித்துக்கொண்டு, சரிவின் அடியில் போய் நின்றது. அன்றைக்கென்று இன்ஜின் தேன் மாதிரி ஓடியது. வந்தவர் பானெட்டைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டு, நல்லது என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர் அவருக்கு டீ வாங்கிவர முக்குக் கடைக்குப் போனார். நான் மேலே கேட்டருகே நின்று வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அந்த மனிதர் பின்னால் துள்ளிக் குதித்தார். ஆயில் பைப் வெடித்து, கறுப்பு எண்ணெய் சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது. "ஆப்பு! ஆப்பு!" என்று கத்தினார்.

தெலுங்கில் அதற்கு அர்த்தம் நிறுத்து என்பது. கொழுந்தனாரோ, நாலு நாளாக எங்கள் வீட்டில் கேட்ட வார்த்தை ஆயிற்றே, வண்டிதான் உருளப் போகிறது என்று கட்டையும் கையுமாகக் கேபினிலிருந்து குதித்தார். கதவு அவருக்குப் பின்னால் அடித்துச் சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து அதைத் திறக்கும் சூட்சுமம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். அந்தப் பக்கத்துக் கதவோ கம்பியால் கட்டியிருந்தது. இன்ஜினை நிறுத்தும் கம்பி உள்ளே. வாங்க வந்தவர் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு "ஆப்பு, ஆப்பு" என்று கதற, கொழுந்தனார் இன்னும் வேகமாகக் கட்டையைச் சக்கரத்துக்கடியில் அடித்து இறுக்கினார். "நிறுத்துங்க தம்பி!" என்று நான் கத்தியது அந்த இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு ஓடினேன். பாதி வழியில் கடகடவென்று ஒரு சத்தம், இரும்பு இரும்பைக் கடிப்பது போல. அதோடு நின்றுவிட்டது.

"அந்தாளு ஆப்புன்னு சொன்னானுங்க அண்ணி. அதான் வெச்சுப்போட்டேன்" என்று நிமிர்ந்து நின்றார் கொழுந்தனார். நெற்றியில் வேர்வை. ஏதோ சாதித்துவிட்ட முகம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டையாலேயே நாலு சாத்தியிருப்பேன். விஷயம் புரிந்ததும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாரைத் திட்டுவது?

டீயோடு வந்த என் வீட்டுக்காரர், நடந்ததைக் கேட்டுக்கொண்டே டீயைக் கீழே வைத்தார். இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்க்கக் கம்பியைச் செருகித் தம் பிடித்தார். அசையவில்லை. ஆயில் இல்லாமல் ஓடி உள்ளே இறுகிப்போயிருந்தது. வாங்க வந்தவர் அவரைப் பாவமாகப் பார்த்துவிட்டு, சட்டையைத் துடைத்துக்கொண்டு, டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

"மன்னிச்சுப்போடுங்கண்ணா" என்று தம்பி அழுதார்.

"விட்றா. அவன் ஆப்புன்னான், நீ வெச்ச. இதிலென்ன தப்பு?"

அந்தக் குரலில் வருத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வந்தவருக்கு வாங்கிய டீயை இவரே உறிஞ்சிக்கொண்டிருந்தார். பத்து நாளாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்திருந்தது. வீட்டில் ஒருவர் சாகக் கிடந்து பிழைத்து வந்தால் எப்படி இருப்போமோ அப்படி இருந்தார் மனிதர். நான் மிதந்துகொண்டிருந்த பத்து நாளும் இவர் மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

"இன்ஜினை எறக்கிப் பிரிச்சுப்போட்டாச் சரியாயிரும் புள்ள" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மல்லாபூருக்கு ஒரு போனைப் போட்டு, வரலீன்னு சொல்லிப்போடு."

நான்தான் பேசினேன். ஏனம்மா, என்ன ஆச்சு என்று அங்கிருந்த அதிகாரி அன்பாகக் கேட்டார். நல்ல மனிதர். வண்டி விலை போகவில்லை சார் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.