பார்த்தவுடன் அழியும் அறை

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. என் அக்காள் விட்டுப்போன இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆறில் ஒன்றும் சோடை போகவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் கெட்டிக்காரர் யார் என்று யாராவது கேட்டால், நான் வளர்க்காமல் வளர்ந்து வந்த ஏழாவது ஆளைத்தான் காட்டுவேன். என் இளைய மகனின் மனைவி. அவளை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது கேரள எல்லையோரம் பாறசாலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு பந்த் நாளில் அதன்மேல் இரண்டு கம்ப்யூட்டர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தன. நடுவே ஒரு கறுத்த வயர் ஓடியது. சத்தியவேதத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். என் படிப்பு அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அந்த மருமகளின் மகள்தான் இவள். அப்போது தொட்டிலில் கிடந்தாள்.

மருமகள் நெய்யாற்றின்கரைக்காரி. இஞ்சினீயர் படிப்பு முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலை ரயிலுக்கு ஓடுவாள். இருட்டும் நேரம் வருவாள். உன் மருமகளுக்கு என்ன வேலை என்று வேதக்கோயிலில் பெண்கள் கேட்பார்கள். கம்ப்யூட்டர் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட எனக்கு இஷ்டமில்லை. வீட்டில் ஒருத்தி தினமும் போய்ச் செய்கிற வேலை என்னவென்று மாமியாருக்குத் தெரிய வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டே கேட்டேன். அவளும் பக்கத்தில் கத்தியோடு உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னாள்.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசுவதற்கு உள்ளே கையகலப் பச்சைத் தகடு ஒன்று வேண்டும். அந்தத் தகட்டை வேலை வாங்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். தகட்டுக்குள் சின்னச் சின்ன அறைகள் உண்டு; ரெஜிஸ்டர் என்பார்கள். ஓர் அறையில் எழுதினால் செய்தி புறப்படும். இன்னோர் அறையைப் பார்த்தால் செய்தி வந்திருக்கிறதா என்று தெரியும். பழைய டிரைவரை எழுதியவர்கள் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் நேரே அந்த அறைகளுக்குள் கைவிட்டிருந்தார்கள். ஒரே வகைக் கம்ப்யூட்டர் இருந்தவரைக்கும் குறையில்லாமல் ஓடியது. இப்போது தகடு செய்யும் வெளிநாட்டுக்காரர்கள், வேறு வகைக் கம்ப்யூட்டரிலும் இது ஓட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதில் அறைகளுக்குப் போகிற வழியே வேறு. எண்களை அடுக்கி வைக்கும் வரிசைகூடத் தலைகீழ்.

"மாமி, அசனத்துக்கு எத்தன பேரு நிண்ணு வேல செய்தாலும் உப்பு நீங்க ஒராளுதானே போடுவியோ? அதாக்கும் நான் செய்யியது," என்றாள். "அறைக்குள்ள பாக்கதுக்கு ஒரு கை, எழுததுக்கு ஒரு கை. மத்த எல்லாரும் அந்தக் கையிட்டதான் கேக்கணும். அடுப்பு மாறினா அந்தக் கை மட்டும் பழகினா போதும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் கோயிலில் வருடம் ஒருமுறை அசனம் உண்டு. ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. தேங்காய் திருவ, காய் நறுக்க, அண்டா கிண்ட என்று பெண்களும் ஆண்களுமாக ஒரு பட்டாளமே நிற்கும். உப்புப் பானை மட்டும் என் காலடியில் இருக்கும். ஒருத்தி போட்டது தெரியாமல் இன்னொருத்தி போட்டால் ஊர் முழுக்கப் பட்டினி. அந்தப் பொறுப்பை வருடக்கணக்காக என்னிடம் விட்டிருந்தார்கள். ஒருமுறையும் பிசகியதில்லை.

இந்த வழி கம்பெனியில் எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அவளுடைய மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். பழைய டிரைவரை அப்படியே படியெடுத்து, இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே போனால் சீக்கிரம் முடியும் என்பது அவர் கட்சி. மூன்றாவதாக ஒரு வகை வந்தால் மறுபடி முதலிலிருந்து மாற்றுவதா என்று இவள் கேட்டாள். கடைசியில் அவர் இணங்கினார், அரை மனதோடு. வெளிநாட்டுக்காரர்களின் ஆள் பார்க்க வரும்போது ஓடவில்லை என்றால் வேலை முழுவதும் பெங்களூருக்குப் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெங்களூருக்குப் போக இவளால் முடியாது. என் மகனுக்கு இங்கே ஒர்க்ஷாப். கையில் பால் குடிக்கும் பிள்ளை. வேலை போனால் அவள் படித்த படிப்பு அடுப்படியோடு முடியும். அடுப்படியை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நான் இருக்கிறேன், இன்னொருத்தி எதற்கு?

வாரக்கணக்காக மருமகள் பழைய டிரைவரையே பிரித்து மாற்றி எழுதினாள். வெளியே காட்ட ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரரின் தங்கை அடுத்த வளவில் இருந்தாள். அவளுக்கு எப்படியோ காதில் விழுந்துவிட்டது.

"மைனி, ஒங்க மருமவ புதுசா ஒண்ணும் செய்யல்லியாமே. ஓடிட்டு இருந்ததத்தான் மாத்தி மாத்தி எழுதுதாளாம். வெள்ளையடிச்சிட்டு வீடு கெட்டினேண்ணு சொல்லுத மாதிரி இருக்கு."

"வெள்ளையடிக்கதுக்கு முன்ன செவருல வெடிப்ப அடைக்கணும் கேட்டியா. ஒனக்க வீட்டு மச்சு ஒழுகுதது அதனாலயாக்கும்," என்றேன்.

வெளிநாட்டு ஆள் வரும் வாரத்தில் திடீரென்று பந்த் அறிவித்தார்கள். பஸ் இல்லை, கம்பெனி திறக்காது. மேனேஜருக்கு வீடு நெய்யாற்றின்கரையில். பந்த் தொடங்கும் முன்பே, விடியற்காலையில், முந்தின நாளே கம்பெனியிலிருந்து எடுத்துவந்திருந்த கம்ப்யூட்டர்கள் இரண்டையும் போர்வையில் சுற்றி ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்று பழைய வகை, மற்றது புதிய வகை. ஜீப்பும் அவரும் சாயங்காலம்வரை வெளியே இறங்க முடியாது. மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். புட்டும் கடலையும் வைத்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

பழையது கூப்பிட வேண்டும், புதியது பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் திரையில் ஒரு வரி ஓடும். வரிகள் ஓடின. பிறகு நின்றன. மறுபடி ஓடின, மறுபடி நின்றன. பத்துமுறை கூப்பிட்டால் சில முறை மட்டும் ஏன் என்று கேட்கிற பிள்ளையைப்போல் இருந்தது அது. காலை முழுவதும் அப்படியே போனது. முந்தின நாள் பூவாரிலிருந்து வந்த மீனைக் குழம்பாக்கி வைத்திருந்தேன். யாரும் எழுந்து வரவில்லை. என் நாத்தனார் மட்டும் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

உச்சி சாய்ந்தபோது மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் பேசியது மலையாளம். நான் நம் பேச்சில் சொல்கிறேன். உன்னுடைய அந்த இரண்டு கைகளையும் எடுத்துவிடு, நேரே அறைக்குப் போய்ப் பார்க்கிற மாதிரி மாற்றிவிடலாம், சாயங்காலத்துக்குள் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றார். மருமகளின் முகம் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை. பிள்ளை அழுதது, அவள் என்னைப் பார்த்தாள், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். "எனக்குக் கொஞ்ச நேரம் தாங்க சார். அதுக்குப் பொறவும் ஓடல்லைண்ணா நீங்க சொல்லுதபடி செய்யிலாம்," என்றாள்.

பிறகு அவள் செய்ததைப் பிற்பாடு எனக்கு விளக்கினாள். செய்தி வந்ததா என்று சொல்லும் அந்த அறைக்கு ஒரு குணம் உண்டு. பார்த்தவுடன் தானாக அழிந்துவிடும். முதலில் பார்த்தவனுக்குச் சேதி; அடுத்துப் பார்க்கிறவனுக்குக் காலி அறை. பார்க்கிற கையில் அவள் ஒரு வரி சேர்த்தாள்: அந்த அறையை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் திரையில் எழுது என்று. மறுபடி ஓடவிட்டாள். தகட்டில் விளக்கு மினுங்கியது; செய்தி வந்து சேர்ந்துவிட்டது. கை போய்ப் பார்த்தது, அறை காலி. விளக்கு மினுங்கியதற்கும் அதற்கும் நடுவில் கை ஒருமுறையும் அங்கே போகவில்லை என்று திரை சொன்னது.

"சார், எனக்க கை பாக்கதுக்கு முன்னமே அது அழிஞ்சிருக்கு. எல்லாரும் இந்தக் கை வழியாத்தான் போறாங்க. அப்போ கைக்குத் தெரியாம யாரோ நேரா பாத்திருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்ல, "அது ஞானாணு," என்றார். அது நான்தான் என்று. அவள் எழுதியது உண்மையைச் சொல்கிறதா என்று சரிபார்க்க, முந்தின நாள் அவளிடம் சொல்லாமல் ஒரு மூலையில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். இடையிடையே நேராக அறையை எட்டிப் பார்க்கிற வரி. அவர் பார்த்தபோதெல்லாம் சேதி அழிந்தது. மருமகளை நம்பாமல் வைத்த காவலே திருடனாகிவிட்டது.

அந்த வரியை அவரே அழித்தார். அதன்பின் திரையில் வரிகள் ஓடின, நிற்கவே இல்லை. வயரைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தார்கள், ஓடியது. அவர் எழுந்து வந்து, மீன்குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "அம்மா, சம்பளம் எனக்குத்தான் கூடுதல். பிசகும் எனக்குத்தான் கூடுதல்," என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். தவறை ஒளிக்காத மனிதன் என்று அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு மதிப்பு.

வாசலில் நின்ற நாத்தனாரைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினேன். "ரெண்டும் பேசுது, பாத்தியா?"

"என்ன பேசுது மைனி?"

"ஒன்னப் பத்தித்தான்," என்றேன்.

வெளிநாட்டு ஆள் வந்தார், பார்த்தார், வேலை இங்கேயே நின்றது. பிற்பாடு மூன்றாவது வகைக் கம்ப்யூட்டரும் வரத்தான் செய்தது. மருமகள் அந்த இரண்டு கைகளை மட்டும் மாற்றிவிட்டு, வழக்கமான ரயிலில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள். இன்று அவள் அதே திருவனந்தபுரத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். வீட்டில் இப்போது வயரும் இல்லை, எல்லாம் காற்றில் வருகிறது. உள்ளே இன்னும் அதே மாதிரி அறைகள் உண்டு மாமி என்கிறாள். அந்த மேசையில் இப்போது சாப்பாடு மட்டும் நடக்கிறது.

இதை எழுதப் போகிறோம் என்று தெரிந்ததும், சாரின் பிசகை விட்டுவிடுங்கள் என்று மருமகள் சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. அவரே வாய்திறந்து சொன்னதை மறைக்க நாம் யார்?

மக்கா, இனி மொதல்லேருந்து வாசி, கேக்கட்டு. ஒனக்க அம்மைக்காக எங்கயாவது ஒரு வரிய எடுத்திருந்தா, அந்த எடம் வரும்போ நிறுத்திச் சொல்லிட்டு வாசி.