ஒன்பது பத்து பேருந்தில் வெல்டிங் கண்ணாடி

சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூருக்குக் காலை ஒன்பது பத்துக்குப் புறப்படும் பேருந்தில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரசின் இலவசப் பயிற்சியில் வெல்டிங் படிக்கிறாராம். புறங்கையெல்லாம் தீப்பொறி சுட்ட புள்ளிகள். கறுப்புக் கண்ணாடியைத் துப்பட்டாவால் ஓயாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திட்டம் இன்னியோட முடியுது சார். நீட்டிக்கிறதுக்கு சட்டசபைல இன்னிக்கு மசோதாவாம். பாஸாச்சுன்னா நாளைக்கு கிளாஸ் கீதா, இல்லியா?"

எதையும் சரியாகச் சொல்வது என் பழக்கம். "உடனே இருக்காதும்மா. ஆளுநர் கையெழுத்து போடணும், அரசிதழ்ல வரணும். அப்புறம்தான்."

"அதுவரைக்கும் சும்மா குந்திகினு இருக்க முடியுமா? மேஸ்திரி பெங்களூருக்கு சித்தாள் வேலைக்கு கூப்ட்டுகினே கீறாரு." துடைப்பதை நிறுத்திக் கண்ணாடியைப் பையில் போட்டார்.

மாலையே மசோதா நிறைவேறியது. மனம் கேட்காமல் மறுநாள் பயிற்சி மையத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சட்டம் வரும்வரை நிறுத்தக் கூடாதென்று முன்பே உத்தரவு இருந்ததாம். அவரை மட்டும் காணோம்; விசாரித்தேன்.

"போன் போட்டேன் சார், பெங்களூருக்கு வண்டி ஏறிட்டாங்க," என்றார் பயிற்சியாளர். "கிளாஸ் இல்லன்னு பஸ்ல யாரோ வெவரம் தெரிஞ்ச சார் சொன்னாராம்."

அந்த சார் யாரென்று சொல்லாமலே திரும்பினேன். இப்போதும் ஒன்பது பத்தில் ஏறியதும் அந்தக் கண்ணாடியைத்தான் தேடுகிறேன்.